எழுபதில் சுழல வேண்டிய தட்டு

போன வாரம் சான் ஹோசேயிலிருந்து உங்களில் ஒருவர் எனக்கு ஓர் ஒலிக்கோப்பு அனுப்பியிருந்தார். ஏறக்குறைய நூறு வருஷப் பழைய ஜாஸ் இசைத்தட்டு, புது மென்பொருளில் போட்டுச் சுத்தம் செய்தது. "அங்கிள், ஒரு கீறல் சவுண்டுகூட இல்ல, கேட்டுப் பாருங்க" என்று குறிப்பு வேறு. கேட்டேன். உண்மைதான், துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பாராட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: தட்டை எந்த வேகத்தில், நிமிஷத்துக்கு எத்தனை சுற்றில் ஓட்டினாய், ஏன் அந்த வேகம்? "எழுபத்தெட்டுதானே அங்கிள், அந்த ரெக்கார்டுக்குப் பேரே அதானே" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைப் படித்த பிறகு எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. நானும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அதே பதிலைச் சொன்னவன். அதனால் ஒரு பெண்மணி தன் அப்பாவை இழக்கப் பார்த்தார். நீங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஆரம்பித்திருக்கிற இந்தக் குழுவில் என்னை எழுதச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். சரி, இதையே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உங்களில் டல்லாஸில் இருப்பவர் என்னை மற்றவர்களுக்கு 'லெஜண்ட்' என்று அறிமுகப்படுத்தியிருக்கிறார். நம்பாதீர்கள். நியூ ஜெர்சியில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்தில் பழைய தட்டுகளைச் சுழலவிட்டுக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த ஆள் நான். எந்த ஊசி போடுவது, தட்டை எதில் கழுவுவது என்பதெல்லாம் உங்களுக்கு வீடியோவிலேயே கிடைக்கும், என்னைவிட நன்றாகவே சொல்கிறார்கள். நான் சொல்லப் போவது வீடியோவில் வராத சமாச்சாரம்.

அந்த வேலைக்கு நான் விரும்பிப் போகவில்லை. தொலைபேசிக் கருவி செய்யும் கம்பெனியில் வேலை போய், விசா கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரத்தில் கிடைத்தது, பிடித்துக்கொண்டேன். ஜாஸ் என்றால் ஓட்டல் லிஃப்டில் ஓடும் சங்கீதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தலைமைப் பொறியாளருக்கு, நாங்கள் 'தலைவர்' என்று சொல்பவருக்கு, அது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆறடிக்கு மேல் உயரமான மனிதர், பேச்சு மட்டும் அரையடி. பத்துப் பெட்டிகளைக் காட்டி, புத்தகம் எதுவும் படிக்காதே, இதை வரிசையாகக் கேள் என்றார். முதல் தட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆறு மாதம் கேட்டதில் எனக்குப் பெரிய ஞானம் வந்துவிட்டதாக நினைப்பு. ஒரு நாள் காப்பகத்துக்கு வந்திருந்த வயதான இசைக்கலைஞர் ஒருவரோடு சாப்பிட உட்கார்ந்தோம். ஜாஸின் ஆரம்ப காலத்தில் பெரிய டிரம்மே கிடையாது, மரக்கட்டையைத்தான் தட்டினார்கள், டிரம் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது என்று நான் அடித்துவிட்டேன். அவர் கையிலிருந்த சாண்ட்விச்சை அப்படியே கீழே வைத்தார். அவர் வாழ்நாள் முழுக்க டிரம் வாசித்தவர் என்பதும், அவருடைய அப்பாவும் டிரம் வாசித்தவர் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். மைக் வருவதற்கு முன்பு, சுவரில் பதித்த ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்றுதான் எல்லோரும் வாசித்தார்கள். சத்தத்தின் அதிர்விலேயே மறுபக்கம் ஊசி மெழுகில் கோடு இழுக்கும். பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் டிரம்காரரை வாசலருகே நிற்க வைத்தார்கள், அல்லது கையில் மரக்கட்டையைக் கொடுத்து இதைத் தட்டு போதும் என்றார்கள். அவர் ராத்திரி கிளப்பில் என்ன வாசித்தார் என்பதற்கும் தட்டில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. தட்டில் மூன்று நிமிஷத்துக்கு மேல் இடமில்லை என்பதால் கால் மணி நேரம் வாசித்ததை மூன்று நிமிஷத்தில் முடித்தார்கள். இருபதுகளின் நடுவில் மைக் வந்தது. அடித்தொண்டை வாத்தியங்களுக்கும் உயிர் வந்தது, மெதுவாகப் பாடுபவரின் குரலும் காதுக்கு எட்டியது. பிறகு நீள ஓடும் தட்டு வந்ததும் மனிதர்கள் மூச்சு விட்டு, தங்கள் இஷ்டத்துக்கு வாசித்தார்கள். ஜாஸ் மாறியது பாதி, அதைப் பிடிக்கிற கருவி மாறியது பாதி. இரண்டையும் பிரிக்கத் தெரியாதவன் வரலாறு பேசக் கூடாது என்று தலைவர் அன்று மாலை என்னிடம் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

பாடம் கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த தடவை அதே பாடம் வேறு வேஷத்தில் வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

எனக்கு ஒரு திமிர் இருந்தது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் பாடுவார்கள், அதனால் எனக்குச் சுருதி ஞானம் கொஞ்சம் உண்டு. பியானோவைத் தொடாமலே ஒரு தட்டு எந்தச் சுருதியில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். காப்பகத்தில் இது பெரிய வித்தையாகிவிட்டது. பழைய தட்டுகளுக்கு நிலையான வேகம் கிடையாது, உங்களுக்குத் தெரியும். எழுபதிலிருந்து எண்பதுக்கு மேல்வரை அவரவர் இஷ்டத்துக்குப் பதிவு செய்தார்கள். ஓட்டும் வேகம் ஏறினால் சுருதியும் ஏறும். நான் தட்டை ஓட்டி, வாத்தியங்கள் ஒரு ஒழுங்கான சுருதியில் வந்து உட்காரும் இடத்தைப் பிடித்து, இதுதான் வேகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். பக்கத்து அறையில் இருப்பவர்கள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். கை தட்டாத குறைதான்.

அந்தச் சமயத்தில்தான் மிஸ் லோரெய்ன் வந்தார்.

எண்பதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. நியூவார்க்கில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். தலையணை உறைக்குள் சுற்றி ஒரே ஒரு தட்டைக் கொண்டுவந்திருந்தார். வெள்ளைக் காகிதம் ஒட்டிய சோதனைத் தட்டு, அதில் பென்சிலால் எழுதிய ஓர் எண் தவிர ஒன்றும் இல்லை. அவருடைய அப்பா பகலில் பெயிண்ட் தொழிற்சாலையில் வேலை, மாலையில் கார்னெட் வாசிப்பவர். கார்னெட் என்பது டிரம்பெட்டின் குட்டைத் தம்பி. ஒரு நாள் அவர் சேர்ந்திருந்த குழு சின்ன ஸ்டூடியோ ஒன்றில் போய் ஒரு பாட்டு வாசித்தது. தட்டு வெளிவருவதற்குள் அந்தக் கம்பெனி மூடிவிட்டது. மிஸ் லோரெய்னுக்கு ஆறு வயதாகும்போது அப்பா நிமோனியாவில் இறந்துபோனார்.

அவர் கார்னெட்டோடு நிற்கும் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. எந்த விளம்பரத்திலும் பெயர் இல்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்தத் தட்டு மட்டும்தான். தேய்ந்துவிடும் என்று பயந்து அம்மா இதை யாரையும் ஓட்டவிடவில்லை. அதனால் அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று மகளுக்கே தெரியாது. ஆனால் அப்பா வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வாசித்தது நேற்று கேட்ட மாதிரி ஞாபகம் இருப்பதாகச் சொன்னார். தட்டைக் காப்பகத்துக்கே கொடுக்கிறேன், நீங்கள் வெளியிடப்போகிற தொகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அப்பா பெயர் அதில் அச்சாக வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை என்றார்.

நாங்கள் அப்போது வெளிவராத ஆரம்பகால ஜாஸ் பதிவுகளைத் திரட்டி ஒரு சி.டி. தொகுப்பு போடும் வேலையில் இருந்தோம். ஒவ்வொரு தட்டிலும் யார் யார் வாசித்தார்கள் என்று தீர்மானித்துக் கையேடு எழுதியவர் கலிஃபோர்னியாவில், டப்ளின் பக்கத்தில் இருந்த ஒரு ஆராய்ச்சியாளர். பெரிய மனிதர், காது கூர்மையானவர். ஆனால் மகள் சொன்னாள் என்பதற்காக மட்டும் பெயர் போட மாட்டேன், தட்டைக் கேட்க வேண்டும் என்றார். அது நியாயம்தான்.

தட்டை நான் ஓட்டினேன். எழுபத்தெட்டில் போட்டதுமே பி ஃப்ளாட்டுக்கு மயிரிழை கீழே வந்து நின்றது. கார்னெட்டுக்குப் பி ஃப்ளாட் சொந்த வீடு. எழுபத்தொன்பதுக்கு ஏற்றினேன், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. நம் கணக்கில் ஆறரைக் கட்டை. தலைவர் எட்டிப் பார்த்து, உறுதியா என்று கேட்டார். உறுதி என்றேன். வேறு வேகத்தில் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டார். தேவையில்லை, காதே சொல்கிறது என்றேன். அவர் போய்விட்டார்.

சி.டி.யில் கேட்ட ஆராய்ச்சியாளர் ஒரே நாளில் போன் செய்தார். அந்தக் கார்னெட்டின் துடிப்பும் வேகமும் ஜாஸ் உலகமே கொண்டாடும் ஒரு மேதையுடையது, அந்த ஸ்டூடியோ நடந்த மாதங்களில் அவர் நியூ ஜெர்சிப் பக்கம்தான் இருந்தார், இது அவருடைய யாருக்கும் தெரியாத பதிவு என்றார். காப்பகமே கொண்டாட்டமாகிவிட்டது. அதை முதலில் கேட்ட காது என்னுடையது என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு குதூகலம். மிஸ் லோரெய்னை நினைத்துப் பாவமாக இருந்தது என்பதும் உண்மை. ஆனால் எது பெரிதாக இருந்தது என்று கேட்டால், குதூகலம்தான்.

மரியாதைக்காக அவரை வரவழைத்துப் போட்டுக் காட்டினோம். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அதுவும் முடிந்ததும் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"ரொம்பத் திறமைசாலி. ஆனா இது எங்க அப்பா இல்ல. எங்க அப்பா இவ்வளவு அவசரமா வாசிச்சதே கிடையாது."

யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே ஒரு காகிதம் வாங்கி, இந்தத் தட்டில் கேட்பது என் தந்தையின் வாசிப்பு அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அம்மா தப்பாக எதையோ பத்திரப்படுத்தி வைத்திருந்திருக்கிறாள், எழுபத்தைந்து வருஷம் அதை நான் நம்பியிருக்கிறேன் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். கார்வரை நான்தான் கூடப் போனேன். தலையணை உறையை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். எங்களுக்கு எல்லாம் வசதியாக முடிந்தது. கையேடு அச்சுக்குப் போனது.

அது நவராத்திரி சமயம். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரிட்ஜ்வாட்டரில் ஒரு ஆன்ட்டி வீட்டுக் கொலுவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என் மனைவி ஜெயாவை வாசலில் இறக்கிவிட்டு, அந்தத் தெரு முழுக்க கார் நின்றதால் அடுத்த தெருவில் போய் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். கராஜில் செருப்பு மலைக்கு நடுவே ஷூவைக் கழற்றும்போது உள்ளே யாரோ பாடுவது கேட்டது. நல்ல கனமான குரல், நிதானமாக, ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று பாடிக்கொண்டிருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்தில் நின்றவரிடம் யார் சார் பாடறது, ஊர்லேர்ந்து யாராவது வந்திருக்காங்களா என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், அது உங்க வைஃப்."

அங்கே நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பிரசாதம் வாங்கும் வரை சிரித்தார்கள். ஜெயா காதுக்கும் போய்விட்டது. திரும்பும்போது ஃப்ரீவேயில் ஏறியதும் பிடித்துக்கொண்டாள்.

"ஜலதோஷம், தொண்டை கட்டியிருக்கு. அஞ்சரைக் கட்டைல எட்டாதுன்னு நாலரைல வச்சுண்டேன். அதே பாட்டு, அதே நான். ஒரு கட்டை எறக்கினா வேற பொம்பளையா ஆயிடுவேனா? இத்தனை வருஷமா கேட்டுண்டிருக்கற குரல், அதுகூட தெரியாதா உங்களுக்கு?"

இன்னும் நிறைய விழுந்தது. ஆனால் என் காதில் அதற்குமேல் ஒன்றும் ஏறவில்லை. ஒரு கட்டை. ஆறரையிலிருந்து ஒரு கட்டை இறக்கினால் ஐந்தரை, அதாவது ஏ ஃப்ளாட். அதுவும் அந்தக் காலத்து ஜாஸ் குழுக்கள் சர்வசாதாரணமாக வாசித்த சுருதிதான். தட்டை எழுபதுக்குக் கொஞ்சம் மேலே ஓட்டினால் அங்கேயும் கச்சிதமாகத்தான் உட்காரும். நான் முதல் நாற்காலியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன், அடுத்த நாற்காலி இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை.

இதில் எனக்கு ஆறாத வெட்கம் எது தெரியுமா? நம் சங்கீதத்தில் சுருதி என்பது பாடுபவரின் தொண்டைக்காக. ஆளுக்கு ஆள் மாறும், உடம்பு சரியில்லாத நாளில் மாறும். பால்வாடிக் குழந்தைக்குத் தெரியும் இது. அதைக் கேட்டு வளர்ந்த நான், வெள்ளைக்காரர்கள் நடுவே ஜாஸ் தெரிந்தவன் என்று பெயர் வாங்கும் அவசரத்தில், ஒரு மனிதரை இன்னொரு சுருதியில் கட்டிப்போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை தலைவர் காபியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவர் அறையில் போய் நின்றேன். அந்தத் தட்டு ஓட்ட ஓட்டத் தேய்வது, அவர் அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. அதனால் காரணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். என் கிரீன் கார்டு விண்ணப்பம் அந்த மாதம்தான் அசைய ஆரம்பித்திருந்தது, அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். தப்பே இல்லை என்று தெரிந்தால் யாருக்கும் தெரியாமல் விட்டுவிடலாமே என்று வரும் வழியெல்லாம் ஒரு நப்பாசை இருந்தது. அவர் சாவியை எடுத்துக்கொண்டு என்கூட வந்து உட்கார்ந்தார்.

எழுபதில் ஓட்டினோம். முதல் நாலு சுரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது வேறு மனிதர். அந்தத் துடிப்பெல்லாம் போய், ஒருவர் சாய்ந்து உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. பாட்டு முடிந்தது. வழக்கமாக நான் அந்த இடத்தில் ஊசியைத் தூக்கிவிடுவேன். அன்று கை எழவில்லை, ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு சுற்று வெறும் இரைச்சல். பிறகு ஒரு குரல்.

எழுபத்தொன்பதில் ஓட்டியபோதும் அது கேட்டிருந்தது. கீச்சென்று ஏதோ வந்தது, இயந்திரச் சத்தம் என்று வெட்டிப் போட்டிருந்தேன். இப்போது தெளிவாக ஓர் இளைஞனின் குரல், நல்ல அடித்தொண்டைக் குரல், புனலுக்கு வெகு பக்கத்திலிருந்து கேட்டது: "சரியா வந்துச்சா?" அவ்வளவுதான். வாசிக்கும் சுருதியில் நீங்கள் ஏமாறலாம். மனிதன் பேசும் குரல் ஏமாற்றாது. அதனால்தான் சொல்கிறேன், தட்டின் கடைசிவரை ஓட்டுங்கள். நீங்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் ஒரு தடவை கேட்டுவிட்டு ஒதுக்குங்கள்.

தலைவர் ஒரே கேள்வி கேட்டார். கலிஃபோர்னியாவுக்கு நீ போன் செய்கிறாயா, நான் செய்யவா? நானே செய்தேன். ஆராய்ச்சியாளர் கொதித்துப் போனார். அச்சில் இருக்கிறது, உன் கையெழுத்தை நம்பித்தான் எழுதினேன் என்றார். ஆமாம் சார், கையெழுத்தும் என்னுடையது, தப்பும் என்னுடையது என்றேன். இதை நான் வீரமாகச் சொன்னதாக நினைக்காதீர்கள். புது வேகத்தில் கேட்டுவிட்டு அன்று மாலையே அவர் திரும்ப அழைத்தார். மேதை இல்லை, அதில் சந்தேகமே இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் யார் என்று எனக்குத் தெரியாது, வாசித்தவர் பெயர் தெரியவில்லை என்றுதான் போட முடியும், மகளே இது அப்பா இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளே என்றார். வியாழக்கிழமை வரை அச்சை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார்.

மிஸ் லோரெய்னுக்குப் போன் செய்தேன். தப்பு நடந்துவிட்டது, இன்னொரு தடவை வந்து கேட்க வேண்டும் என்றேன். வேண்டாம் தம்பி, ஒரு தடவை அவரை இல்லை என்று சொல்லிவிட்டேன், மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டேன், மறுபடியும் உன் அறையில் வந்து உட்கார்ந்து இன்னொரு தடவை இல்லை என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

புதன்கிழமை சி.டி.யைக் காரில் போட்டுக்கொண்டு நியூவார்க்குக்குப் போனேன். அவருடைய அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே நின்று மறுபடி கூப்பிட்டேன். அறைக்கு வர வேண்டாம், கீழே காரில் வந்து மூன்று நிமிஷம் உட்காருங்கள், பிடிக்காவிட்டால் பாதியில் இறங்கிப் போய்விடுங்கள் என்றேன். இருபது நிமிஷம் கழித்து வந்தார். வீட்டில் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டர், தொப்பி இல்லை. என் பழைய கேம்ரியின் முன்சீட்டில், என் மகனின் ஸ்கூல் பையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

போட்டேன். கார்னெட் ஆரம்பித்ததும் அவருடைய வலது கை மேலே எழுந்து அப்படியே நின்றது. யாரையோ பேசாதே என்று அடக்குகிற மாதிரி. பாட்டு முடியும் வரை அந்தக் கை இறங்கவில்லை. கடைசியில் அந்தக் குரல் வந்தது. சரியா வந்துச்சா?

அவர் அழவில்லை. "எவ்வளவு சின்னப் பையன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என் பேரனைவிடச் சின்னவன்" என்றார்.

பிறகு முகம் மாறியது. நான் என்ன மகள், அப்பாவைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு யாரோ என்று சொல்லிவிட்டேனே என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. அவருடைய காது அல்ல, என்னுடைய காது தவறியது என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் உளறினேன். உங்கள் காது ரொம்பச் சரி, அன்றைக்கு நான் போட்டுக் காட்டியது உங்கள் அப்பா இல்லவே இல்லை, அறையில் இருந்த நாலு பேரில் நீங்கள் ஒருவர்தான் சரியாகச் சொன்னீர்கள், நாங்கள்தான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டோம் என்றேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைக்க ஆசை. ஒரு மனிதரை அறிந்த ஒருவர் உங்கள் கோப்பைக் கேட்டுவிட்டு, இது அவர் இல்லை என்று சொன்னால், அந்த மனிதர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் உங்கள் வேலையைத் திரும்பிப் பாருங்கள். நூற்றில் தொண்ணூறு தடவை அங்கேதான் தப்பு இருக்கும்.

"அப்ப எனக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு" என்றார் மிஸ் லோரெய்ன், மெதுவாக.

ஆமாம் என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. என் மகனை ஸ்கூலிலிருந்து அழைத்துவர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஜெயாவுக்குப் போன் செய்து நீயே போய் கூட்டிக்கொண்டு வா என்றேன், ஏன் என்று அவள் கேட்கவில்லை. நான் கொண்டுபோயிருந்த காகிதத்தை டாஷ்போர்டின் மேல் வைத்து, இது என் தந்தை என்று எழுதி, அவர் பெயரை முழுசாக, நடுப்பெயரோடு எழுதினார். பாட்டு டீச்சருடைய அழகான கையெழுத்து. எழுதி முடித்துத் தேதி போட்டார்.

பழைய கடிதம் என் பையில்தான் இருந்தது. அதை எடுத்து, இதைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன்.

வாங்கிப் படித்துப் பார்த்தார். இரண்டு தடவை படித்தார். "எதுக்குக் கிழிக்கணும்? நான் இதுல எழுதினது உண்மைதானே. இதுவும் இருக்கட்டும்" என்று சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு புதுக் கடிதத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். "இது மட்டும் எப்பவும் மேல இருக்கணும்."